வாயன் வந்துக்கிட்டு இருக்கான்

அந்தப் புத்தகத்தை மூடுவதற்கு முன்னால் கம்பவுண்டர் மறக்காமல் நடுவில் ஒரு மருந்துச் சீட்டை வைப்பார். ஒன்றும் எழுதாத வெற்றுச் சீட்டு. இடப்பக்கத்தில் ஒரு மிருகம், வலப்பக்கத்தில் ஒரு மிருகம், ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நிற்கும். சீட்டு வைக்காமல் மூடினால் இரண்டும் மூஞ்சியோடு மூஞ்சி முட்டிக்கொள்ளுமாம்.

"அப்புறம் காயத்தை யாருய்யா தைக்கிறது? நாந்தானே?" என்பார்.

சிரிக்காமல்தான் சொல்வார். அவர் சிரித்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. அது எனக்குப் பரிசம் போட்ட அன்று. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். பெயர் இருந்திருக்கும், யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காக்கிச் சட்டை, பினாயில் வாசனை, காதில் செருகிய காப்பியிங் பென்சில். அந்தப் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுவதால் நாக்கு எப்போதும் ஊதா நிறமாக இருக்கும். அவர் வாயைத் திறந்தாலே நாவல் பழம் தின்றவர் மாதிரி இருக்கும்.

எனக்குக் கீரமங்கலம் சந்தைக்கு எதிரே சோடாக்கடை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவன் நான். வீட்டில் யாரும் நிறுத்தவில்லை. ஆறாவதில் இங்கிலீஷ் வரும் என்று கேள்விப்பட்டேன். அது வந்து என்னைக் கேள்வி கேட்டால் என்ன செய்வது என்று மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. நானே நின்றுவிட்டேன். அப்புறம் எந்த நேரமும் வெடிக்கக்கூடிய பாட்டில்களோடு பிழைக்கிற தொழில் எனக்கு வாய்த்தது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் காற்று ஏற்றும்போது குலதெய்வத்தை ஒரு தடவை நினைத்துக்கொள்வேன். சந்தை நாளில் இருநூறு தடவை.

புத்தகம் வந்தது புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய்த் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த சமயத்தில். புதுக்கோட்டையில் ஏதோ ஒரு பெரிய வீட்டுச் சாமான்களை விற்கிறார்கள் என்று இரும்புக் கட்டில் வாங்கப் போன கம்பவுண்டர், கட்டிலை விட்டுவிட்டு முன்னட்டை இல்லாத ஒரு இங்கிலீஷ் புத்தகத்தோடு திரும்பி வந்தார். மறுநாள் சந்தை. என் கடை பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்து, அதன் மேல் புத்தகத்தை வைத்துப் பிரித்தார்.

மனிதன் பிறப்பதற்கு முன்னால் பூமியை ஆண்ட மிருகங்களாம். இடப்பக்கத்து மிருகத்தின் முதுகில் வீட்டு ஓடுகளைச் செங்குத்தாக நட்டுவைத்த மாதிரி இரண்டு வரிசை. வாலில் நாலு முள். தலை மட்டும் ஆட்டுத் தலை அளவு. வலப்பக்கத்து மிருகம் இரண்டு காலில் நின்றது. உடம்பில் பாதி வாய். வாய் நிறையக் கத்தி. கை மட்டும் வேறு எதற்கோ செய்து தவறிப்போய் இதில் ஒட்டியது போலச் சிறுத்திருந்தது. அன்றைக்கே பெயர் வைத்தாகிவிட்டது. முதுகன், வாயன். அடுத்த சந்தைக்குள் இரண்டு கட்சி.

முதுகன் கட்சிக்குத் தலைவர் கொடிக்கால் சுப்பையா. வெற்றிலை போடுகிறவர், வெற்றிலை பயிர் செய்கிறவர். முதுகன் இலை தின்கிற பிராணி என்று கம்பவுண்டர் சொன்னதும் அதைச் சொந்தத்தில் சேர்த்துக்கொண்டார். வாயன் கட்சிக்கு லாரி டிரைவர் கருப்பையா. இவர் சுப்பையாவின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. மாமன் மச்சான் உறவு என்பதால் இருவரும் ஒருவரை ஒருவர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். சொன்னார்கள்.

"கையப் பாரு மாப்புள ஒங்க ஆளுக்கு! சட்டைக்குப் பித்தான் போடக்கூட எட்டாது" என்பார் சுப்பையா.

"சண்டைக்கு வாரவன் எதுக்கு மச்சான் பித்தான் போடுறான்? வாயப் பாருங்க. ஒங்க கொடிக்கால் படலு அப்படியே உள்ள போகும்."

"போகட்டும். வால ஒரு வீசு வீசுனா நாலு முள்ளும் அடிவயித்துல."

"வீசணும்னா திரும்பணுமில்ல? அந்த ஒடம்ப வச்சுக்கிட்டு அவன் திரும்பணும்னா சந்தை மைதானமே பத்தாது. டிரைவர் சொல்றேன், கேட்டுக்கங்க."

"எல திங்குறவனுக்குப் பொறுமை சாஸ்தி மாப்புள."

"பொறுமையா நின்னாத்தான் கடிக்கச் சௌகரியம்."

இந்த இடத்தில் கூட்டம் கம்பவுண்டரைப் பார்க்கும். அவர் சோடாவில் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "சும்மா ஆளாளுக்குப் பேசாதீங்க. புத்தகத்துல போட்டிருக்கு, படிக்கிறேன்" என்று ஒரு பக்கத்தைப் புரட்டி விரலை வைப்பார். விரல் இங்கிலீஷில் நகரும், வாயிலிருந்து தமிழ் கொட்டும்.

அந்தக் கதைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதுகு சில்லிடுகிறது. சித்தன்னவாசல் மலை மாதிரி ஒரு பாறைக்குப் பின்னால் வாயன் படுத்திருப்பான். மூன்று நாளாய் வேட்டை கிடைக்காத பசி. முதுகன் கண்மாய்க்கரையில் ஒன்றும் தெரியாமல் இலை தின்றுகொண்டிருப்பான். காற்று திரும்பும். வாயன் மூக்கு விடைக்கும். எழுந்து ஓர் அடி வைப்பான். கண்மாய்த் தண்ணீர் அலை அடிக்கும். இன்னோர் அடி. மீன்கள் கரையில் வந்து விழும். சந்தைக்கு வந்த ஜனம் கொத்தமல்லிக் கட்டைக் கையில் பிடித்தபடி மூச்சு விடாமல் நிற்கும். முதுகன் தலையைத் தூக்கும்போது கம்பவுண்டர் படக்கென்று புத்தகத்தை மூடுவார். சீட்டை வைத்துத்தான்.

"தண்ணி!"

இளவட்டத்தில் அவர் சேவல்கட்டுக்கு நடுவராக இருந்தவர். சண்டையின் நடுவே சேவலைத் தூக்கித் தண்ணீர் காட்டுவதற்கு அங்கே போடுகிற சத்தம் அது. இங்கே அதற்கு அர்த்தம், எனக்கு இன்னொரு சோடா.

"என்னங்க கம்பவுண்டரே, வாயன் என்ன ஆனான்?"

"வந்துக்கிட்டு இருக்கான்."

அடுத்த சந்தையிலும் வந்துகொண்டுதான் இருப்பான். ஒரு தடவை காலில் முள் ஏறிவிட்டது. ஒரு தடவை கண்மாய்ச் சேற்றில் இடுப்பு வரை புதைந்துவிட்டான். ஒரு தடவை வழியில் வேறெதையோ தின்று வயிறு உப்பிப் படுத்துவிட்டான். அதற்குப் பெருங்காயமும் வேப்பெண்ணெயும் எத்தனை படி கலக்க வேண்டும் என்ற கணக்கில் ஒரு சந்தை முழுக்கப் போய்விட்டது. ஒரு தடவை கடைவாய்ப் பல்லில் சீழ். "அப்படி நெலமையில சண்டைக்கு விட்டா அது நாயமா? நான் சர்ட்டிபிகேட்டு தரமாட்டேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாயன் கட்சிக்காரர்களே தலையை ஆட்டினார்கள். கருப்பையா அண்ணன் முகத்தில் நிஜமாகவே வருத்தம்.

பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் மட்டும், "குடுங்க, நானும் பார்க்கிறேன்" என்று கையை நீட்டினார். கம்பவுண்டர் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "இல்லீங்க சார். இப்பத்தான் அசந்து தூங்குதுக."

கதையில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஒரு நாள் சந்தையில் இரண்டு காளைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஒன்றை நோக்கி ஒன்று மண்ணைக் கிளறின. ஜனம் வட்டம் கட்டி நின்றது. பார்த்தே ஆக வேண்டிய ஜோடி என்று எல்லோருக்கும் கண் மின்னியது. நான் மட்டும், அவை என் பாட்டில் பெட்டிகளின் மேல் விழப்போகின்றன என்று பெட்டிகளைக் கடைக்குள் இழுத்துக்கொண்டிருந்தேன். கம்பவுண்டர் வாளியோடு நடுவில் நடந்து போய், பினாயில் தண்ணீரை ஆளுக்கு அரை வாளி மூக்கில் அடித்தார். இரண்டும் தும்மிக்கொண்டு திரும்பிவிட்டன. கூட்டம் அவரை வாயில் வந்தபடி ஏசியது. "ஆஸ்பத்திரியில தையல் நூலு தீந்து போச்சுய்யா. நூலு வரட்டும், விடுறேன்" என்றார்.

கருப்பையா அண்ணன் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றப் போவார். அங்கே குவாரியிலிருந்து ஒரு தடவை தேங்காயை விடப் பெரிய உருண்டைக் கல்லைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார். வாயன் முட்டை என்றார். சுப்பையா மாமா, "ஒங்க ஆளு முட்டை போடுறானா? அப்ப இத்தன நாளு மீசைய முறுக்குனது எதுக்கு மாப்புள?" என்று கேட்டதில் கடையே அதிர்ந்தது. கம்பவுண்டர் மட்டும் அதை வெயிலில் தூக்கிப் பார்த்தார், காதில் வைத்துக் கேட்டார். "உள்ள தூங்குது. சத்தங்கித்தம் போட்றாதீங்க" என்றார். அந்த வாரம் முழுவதும் கருப்பையா அண்ணன் லாரியில் ஹாரன் அடிக்கவில்லை. பிறகு அந்தக் கல் சுப்பையா மாமா வீட்டு ஊறுகாய்ச் சாடிக்குப் பாரமாகப் போய்ச் சேர்ந்தது. நானும் அந்த வீட்டுக்கு ஒரு பாரமாகப் போய்ச் சேர ஆசைப்பட்டுக்கொண்டிருந்த சமயம் அது.

சுப்பையா மாமாவின் மகள் வள்ளிக்கண்ணு. என் ஆத்தா போய்ப் பெண் கேட்டுவிட்டு வந்தது. சரி என்றுதான் சொல்லியிருந்தார்கள். மறுநாள் மாமா கடைக்குத் தனியாக வந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாரு தம்பி. பொண்ணு குடுக்குறதுல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா நாளைக்கு அந்த லாரிக்காரன் என் வாசல்ல நின்னுக்கிட்டு, ஒங்க மருமகனே எங்க கட்சிதான்னு கைகொட்டக் கூடாது. நீ முதுகன்தானே?"

"முதுகன்தான் மாமா."

அதற்கு அடுத்த நாள் கருப்பையா அண்ணன். லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். கால் மட்டும் தெரிந்தது. "தாய்மாமன் மாலை எடுத்துக் குடுக்காம இந்த ஊருல எவ கழுத்துலயாச்சும் தாலி ஏறியிருக்கா?"

"இல்லண்ணே."

"அப்ப சொல்லு. நீ வாயந்தானே?"

"வாயன்தான் அண்ணே."

இப்படிச் சொல்லிவிட்டு ஒரு மனிதன் தூங்க முடியுமா? பரிசத்தன்றே தெரிந்துவிடுமோ, பந்தியில் தெரிந்துவிடுமோ, மாலையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பாரோ என்று யோசித்து யோசித்து, ஒரு பாட்டிலுக்கு இரண்டு தடவை காற்று ஏற்றினேன். அது வெடித்தது. கடைசியில் கம்பவுண்டரிடம் ஓடினேன். அவர் ஒரு பசுவுக்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்தார். மூங்கில் குழாயை எடுக்காமலே முழுவதும் கேட்டார்.

"ரெண்டு பேருக்கிட்டயும் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேங்க."

"எங்கிட்ட மட்டும் நீ எந்தக் கட்சின்னு இதுவரைக்கும் சொல்லலையேப்பா" என்றார்.

உதவி கேட்கப் போன என்னை அந்த மனிதர் ஒரு மாதம் வதைத்தார். கூட்டம் நிறைந்த நேரமாகப் பார்த்து, "ஆமா, நம்ம சோடாக்காரத் தம்பி எந்தக் கட்சி? யாராச்சும் கேட்டீங்களா?" என்று ஆரம்பிப்பார். நான் கோலியை அமுக்குகிற கட்டையை நழுவவிடுவேன். இரண்டு தலைவர்களும் என்னைப் பார்த்து ஆளுக்கொரு பக்கம் ரகசியமாகக் கண்ணடிப்பார்கள். கம்பவுண்டர் ஊதா நாக்கை ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டு, "சரி விடுங்க, தொழில் பாக்குற எடம்" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

பரிசத்தன்று காலை. பத்தரைக்குள் தட்டு மாற்ற வேண்டும். அதற்குமேல் நேரம் சரியில்லை. சுப்பையா மாமா வீட்டுக் கூடத்தில் ஐம்பது பேர். என் பெரியப்பா பூவும் பழமும் வைத்த தட்டோடு எழுந்து நின்றார். எதிரே சுப்பையா மாமா தட்டை ஏந்தினார். பக்கத்தில் தாய்மாமன், புது வேட்டியில், கையில் மாலையோடு. தட்டுக்கும் தட்டுக்கும் ஒரு முழத் தூரம்தான். அப்போது கருப்பையா அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"மச்சான், ஒங்க வீட்டுக்குள்ளயே இன்னைக்கு எங்க ஆளு ஒருத்தன் நொழையிறான். பாத்துக்கங்க."

"யாரு ஒங்க ஆளு?"

"மாப்பிள்ளைதான். வாயன் கட்சி."

"எவன் சொன்னான்? எங்கிட்ட முதுகன்னு சத்தியம் பண்ணியிருக்கான்!" சத்தியம் எல்லாம் நான் பண்ணவில்லை. ஆனால் திருத்துவதற்கு அது நேரமில்லை.

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். ஐம்பது பேரும் திரும்பினார்கள். மாமாவின் தட்டு பின்வாங்கியது. "ரெண்டு வாய் பேசுறவனுக்கு எம் பொண்ணா?" என்றார். சிரிப்பு இல்லை. கருப்பையா அண்ணன் தோள் துண்டை உதறினார். "எனக்கும் அதே கேள்விதான் மச்சான்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர்கள் இருவரும் ஒரே கட்சியில் சேர்ந்து நின்றது அன்றைக்குத்தான். என் ஆத்தா என்னைப் பார்த்தது. சுவர்க் கடிகாரம் பத்து இருபதைக் காட்டியது.

மூலையில் உட்கார்ந்திருந்த கம்பவுண்டர் எழுந்தார். கையில் புத்தகம். பரிச வீட்டுக்கும் அதைக் கொண்டுவந்திருந்தார்.

"மாப்பிள்ளைய அப்புறம் பாத்துக்குவோம். ஜெயிச்சது யாருன்னு தெரிஞ்சாத்தானே எந்தக் கட்சில இருக்கலாம்னு முடிவு பண்ணலாம்? நேத்துத்தான் கடைசிப் பக்கம் படிச்சேன். இன்னைக்கு முடிச்சுடுறேன்."

கூடம் அப்படியே உட்கார்ந்தது. நாலு வருஷக் காத்திருப்பு. தட்டு வைத்திருந்தவர்கள் மட்டும் தட்டோடு நின்றார்கள்.

வாயன் புறப்பட்டான். முள் எடுத்தாகிவிட்டது, பல் சரியாகிவிட்டது, வயிறு இளகிவிட்டது. இந்தத் தடவை அவனைத் தடுக்க ஒன்றுமில்லை. முதுகனும் ஓடவில்லை. வாலை ஒரு தரம் தரையில் அடித்துப் பார்த்துக்கொண்டான். நடுவில் ஒரே ஒரு கண்மாய். வாயன் தண்ணீரில் இறங்குகிறான். இடுப்பளவு. மார்பளவு. கம்பவுண்டர் குரல் இறங்க இறங்க, எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். கரையில் கால் வைத்துவிட்டான். இருபது அடி. பத்து அடி. வாயைத் திறக்கிறான்...

கம்பவுண்டர் நிறுத்தினார்.

"என்னங்க!" என்று மாமா அலறினார்.

"பெரியவருக்குக் கை நடுங்குது. தட்டைப் புடிச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நிப்பாரு? அவர் கையில உள்ளத வாங்கிக்கிட்டு, ஒங்க கையில உள்ளத அவருக்கிட்ட குடுங்க. நிம்மதியாக் கேக்கலாம்."

மாமா புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் தன் தட்டைக் கொடுத்துப் பெரியப்பாவின் தட்டை வாங்கிக்கொண்டார். "ம், வாயத் தொறக்குறான், அப்புறம்?"

"டிரைவரே, அந்த மாலை கசங்குது பாருங்க. புள்ளை கிட்ட குடுத்துட்டு வந்து ஒக்காருங்க."

கருப்பையா அண்ணன் ஓட்டமாகப் போய்க் கதவோரம் நின்ற வள்ளிக்கண்ணு கையில் மாலையைத் திணித்துவிட்டு ஓட்டமாகத் திரும்பி வந்தார். "குடுத்தாச்சு. கடிச்சானா?"

கதவுக்குப் பின்னாலிருந்து வள்ளிக்கண்ணு குரல் கேட்டது. "ஏங்க, ரெண்டும் பொட்டையா இருந்தா எதுக்குச் சண்டை போடப்போகுதுக? தண்ணி குடிச்சிட்டுத் திரும்பிப் போயிருக்கும்ல?"

கம்பவுண்டர் சிரித்தது அப்போதுதான். ஊதா நாக்கு முழுவதும் தெரிய, புத்தகம் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பெண்களில் யாரோ தட்டு மாறிவிட்டதைக் கவனித்துக் குலவையிட, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சத்தத்தில் அவர் சீட்டை வைத்துப் புத்தகத்தை மூடினார்.

"தண்ணி!"

மாமா கையில் இருந்த தட்டைப் பார்த்தார். பிறகு கருப்பையா அண்ணனைப் பார்த்தார். அவர் தன் வெறும் கையைப் பார்த்தார். மணி பத்து இருபத்தெட்டு.

"வாயன்?" என்றார் கருப்பையா அண்ணன், பலவீனமாக.

"வந்துக்கிட்டு இருக்கான்."

அதற்குப் பிறகு பத்து வருஷம்போல அவர் எங்கள் ஊரில் இருந்தார். என் கட்சி என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்று நான் மட்டும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆவுடையார்கோவில் பக்கம் மாற்றல் வந்தபோது புத்தகத்தை என் கையில் கொடுத்தார். "ஒனக்குத்தான் இங்கிலீஷு தெரியாது. அதான் ஒங்கிட்ட குடுக்குறேன். சீட்டு வச்சே மூடு" என்றார். அப்புறம் அவரை நான் பார்க்கவில்லை.

என் மூத்த பெண் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு சந்தை நாளில் அதைத் தூசி தட்டி எடுத்தாள். என் பெண்ணுக்கு இங்கிலீஷ் பயம் கிடையாது, எதற்கும் பயப்படாத அவள் ஆத்தா வள்ளிக்கண்ணுவைப் போல. கடைக்குள் உட்கார்ந்து ஒரு பக்கம் விடாமல் புரட்டினாள்.

"அப்பா, இதுல கதையே இல்லியே. எலும்பு எங்க எடுத்தாங்க, எத்தனை அடி நீளம், அவ்வளவுதான் போட்டிருக்கு."

நான் கையில் இருந்த பாட்டிலைக் கீழே வைத்தேன். நடுப்பக்கத்துக்கு வந்து அவள் சீட்டை எடுத்தாள். அது மறைத்திருந்த இடத்தில், படத்துக்குக் கீழே, இரண்டு வரி. அடியில் ஊதாப் பென்சிலால் கோடு.

"இதப் பாருங்களேன்! ரெண்டும் ஒரே காலத்துல இருந்ததில்லையாம்ப்பா. இந்த ஓட்டு முதுகுக்காரன் செத்து, மண்ணாகி, கல்லாகி, அப்புறம் எத்தனையோ கோடி வருஷம் கழிச்சுத்தான் இந்த வாயன் பொறந்தே இருக்கான். ஒருத்தன ஒருத்தன் பாத்திருக்கவே முடியாது."

நான் குனிந்து பார்த்தேன். கோடு பழைய கோடு. மை காகிதத்தில் நன்றாக ஊறியிருந்தது. அந்த மனிதர் முதல் சந்தையன்றே இதைத் தெரிந்துகொண்டுதான் மடியில் துண்டை விரித்திருக்கிறார். முள்ளும் சேறும் சீழும் வைத்து, நடவாத சண்டையை ஒரு தடவைகூட நடத்தாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தச் சண்டையை நம்பி மாற்றிய தட்டு செல்லுமா என்று எனக்கு அடுத்த கவலை வந்தது.

வெளியே பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மாமாவுக்குப் பல் போய்விட்டது, வெற்றிலையை இடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். கருப்பையா அண்ணன் லாரியை விட்டுவிட்டார். வாயனை விடவில்லை.

"பாப்பா, என்னத்த அப்படிப் படிக்கிற?" என்றார். "கம்பவுண்டர் புத்தகமா? ஏய், நீ இங்கிலீஷு படிச்சவளாச்சே! கடைசியில பாத்துச் சொல்லு, யாரு ஜெயிச்சா?"

மாமா கையுரலில் வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டார். என் பெண் வாயைத் திறந்தாள். நான் அவள் கையிலிருந்து சீட்டைப் பிடுங்கி, அந்த இரண்டு வரியின் மேல் வைத்து, புத்தகத்தை மூடினேன்.

"தண்ணி!" என்றேன். இரண்டு சோடாவை உடைத்து அவர்கள் கையில் கொடுத்தேன்.

"அப்ப வாயன்?" என்றார் கருப்பையா அண்ணன்.

"வந்துக்கிட்டு இருக்கான்" என்றேன்.